பொன்டை மாற்றாதீர்கள், தங்கச்சி



வெள்ளவத்தையில் கல்யாணக் காட் அடிக்கும் கடையொன்றில் வேலை செய்வதாகவும், நிக்காஹ் காட் ஒன்றில் அரபு எழுத்து உடைந்து உடைந்து வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கைபேசியில் எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். மேலே பிஸ்மில்லாஹ், கீழே ஸூரா அர்ரூமின் 21ஆம் வசனம். நிக்காஹ் காட் என்றால் அநேகமாக அந்த வசனம்தான். கணினியில் இருக்கிற அரபு பொன்ட் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் சரிவரவில்லை, நல்ல பொன்ட் ஒன்றின் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரைப் பிறகு சொல்கிறேன். உங்கள் படத்தில் தெரிவது பொன்டின் பிழையே இல்லை. இன்னும் இருபது பொன்ட் இறக்கினாலும் அந்த இன்டிசைன் பைலில் எழுத்து இப்படித்தான் வரும்.

படத்தின் முதற் சொல்லைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பாருங்கள். இடது ஓரத்தில், கீழே ஒற்றைப் புள்ளியோடு ஒரு வளைவு. அது பா. அதற்கு வலப்பக்கம் மூன்று பல்லோடு நிற்பது ஸீன். அதற்கும் வலப்பக்கம் சிறு வட்டத் தலையும் கீழே இறங்கும் வாலுமாக மீம். மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நிற்கின்றன. அரபு ஓதத் தெரிந்தவர் வலப்பக்கமிருந்துதான் தொடங்குவார். அவர் கண்ணுக்கு அது மீம், ஸீன், பா. பிஸ்மில்லாஹ்வின் முதற் சொல் தலைகீழாகக் கிடக்கிறது. ஒழுங்காக வந்தால் பா வலது ஓரத்தில் இருக்கும், அந்த அகன்ற வளைவும் இருக்காது. புள்ளியோடு ஒரு சின்னப் பல்லாகச் சுருங்கி ஸீனோடு ஒட்டும், ஸீன் மீமோடு ஒட்டும். கையை எடுக்காமல் ஒரே இழுவையில் எழுதினதுபோல வரும்.

ஆக, இரண்டு பிழை: திசை மாறியிருக்கிறது, இணைப்பு அறுந்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அதை விளங்கிக்கொள்வது எங்களைப் போல பாமினி பொன்டில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

பாமினியில் ‘அம்மா’ என்று அடிக்க என்ன செய்கிறோம்? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினிக்குத் தெரிந்தது அந்த ஐந்து இங்கிலிஷ் விசைதான். அம்மாவாகத் தெரிவது பொன்டின் வேலை. பொன்டை எடுத்துவிட்டால் அம்மா போய்விடும். ‘கொ’ என்றால் கொம்பை முதலில் அடிக்கிறோம், பிறகு க, பிறகு அரவு. கண்ணுக்கு எப்படி வரிசையோ கைக்கும் அப்படியே வரிசை. ஈயெழுத்துக் கோத்த காலத்துப் பழக்கம் அப்படியே விசைப்பலகைக்கு ஏறிவந்திருக்கிறது. இப்படி வருடக்கணக்காக வேலை செய்கிறவருக்கு எழுத்தும் பொன்டும் ஒன்றுதான் என்று மனதில் பதிந்துவிடும். எழுத்து பிழையாக வந்தால் கை தானாகவே பொன்ட் பட்டியலுக்குப் போகும். கொட்டாஞ்சேனையிலும் சரி, கிராண்ட்பாஸிலும் சரி, நான் பார்த்த கொம்போஸிங் மேசைகளில் எல்லாம் இதே கதைதான்.

யூனிகோட் அரபு அப்படி இல்லை. பைலுக்குள்ளே பா என்றால் ஒரே ஒரு பாதான். சொல்லின் தொடக்கத்தில் வரும் பா, நடுவில் வரும் பா, முடிவில் வரும் பா, தனியே நிற்கும் பா என்ற நாலு வடிவமும் பொன்டுக்குள் படமாக இருக்கின்றன, ஆனால் எதை எடுப்பது என்று பொன்ட் தானாகத் தீர்மானிப்பதில்லை. முன்னால் என்ன எழுத்து, பின்னால் என்ன எழுத்து என்று பார்த்து, ‘இந்த இடத்துக்கு நடு வடிவத்தைத் தா’ என்று பொன்டிடம் கேட்பதற்கு மென்பொருளுக்குள் ஒரு பகுதி வேண்டும். அதை ஷேப்பிங் எஞ்சின் என்பார்கள். வலமிருந்து இடமாக வரிசைப்படுத்துவதும் மென்பொருள் பார்க்க வேண்டிய வேலைதான். கேட்க ஆள் இல்லாவிட்டால் பொன்ட் தன்னிடமுள்ள தனி வடிவத்தைத்தான் நீட்டும். அலுமாரி நிறைய உடுப்பு இருந்தும் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளை மாதிரி.

அரபின் 28 எழுத்தில் அலிஃப், தால், தால் மேல் புள்ளி வைத்த ஸால், ரா, ஸாய், வாவ் என்று ஆறு மட்டும் தமக்குப் பின்னால் வரும் எழுத்தோடு கை கோர்ப்பதில்லை. அதனால் ஒழுங்காக அமைந்த வரியிலும் இடைக்கிடை இடைவெளி தெரியும். அதைப் பார்த்துவிட்டு ‘இங்கே உடைந்திருக்கு’ என்று ஒட்டப் போகாதீர்கள். பிழையைக் கண்டுபிடிக்க ஓதத் தெரிய வேண்டும் என்றில்லை. ஒரே எழுத்து வரி முழுவதும் ஒரே மாதிரி, அச்சடித்தாற்போல அகலமாக வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. லாமுக்கு அடுத்து அலிஃப் வரும் இடங்களில் இரண்டும் சாய்ந்து ஒன்றாகப் பின்னிக்கொள்ள வேண்டும். இரண்டும் விறைப்பாகத் தனித்தனியே நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது. இன்டிசைனில் பராகிராஃப் பேனலின் மூலையில் இருக்கும் சின்ன மெனுவைத் திறவுங்கள். ‘அடோபி பராகிராஃப் கொம்போஸர்’ என்பதில் சரி அடையாளம் போட்டிருக்கும். அதற்குப் பதிலாக ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பராகிராஃப் கொம்போஸர்’ என்பதைத் தெரிவுசெய்யுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் திரும்பி ஒட்டிக்கொள்ளும். பந்தியை வலமிருந்து இடமாக ஓடவைக்கும் பொத்தான் உங்கள் பேனலில் இல்லையென்றால், உங்களிடம் இருப்பது வெறும் இங்கிலிஷ் நிறுவல். கிரியேட்டிவ் கிளவுட் அமைப்பில் மொழியை ‘அரபு ஆதரவுள்ள இங்கிலிஷ்’ என்று மாற்றி இன்டிசைனை மறுபடி நிறுவினால் அந்தப் பொத்தான் வரும். போட்டோஷொப்பிலும் இதே கதை: பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குள் இருக்கிறது. கோரல்ட்ரோ எக்ஸ்6 முதல், அதாவது 2012 முதல், தானாகவே சமாளிக்கும். பேஜ்மேக்கரைப் பற்றிக் கேட்காதீர்கள். அதன் கடைசிப் பதிப்பு 7.0, இந்த நூற்றாண்டு தொடங்கியபோதே அதன் கதை முடிந்தது. அதற்கு இந்த எஞ்சின் கிடையாது. பாமினிக்காக அதை இன்னும் வைத்திருக்கிறவர்கள் வைத்திருக்கட்டும், அரபை அதற்குள் கொண்டுபோக வேண்டாம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். உங்கள் கடையில் யாராவது வாட்ஸ்அப்பில் யூனிகோட் தமிழ் அனுப்பி, அதை இன்டிசைனில் பேஸ்ட் பண்ணினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதற்காகத்தானே எல்லாவற்றையும் பாமினிக்கு மாற்றி எடுக்கிறீர்கள்? அதுவும் இதே நோய், மருந்தும் இதேதான். வேர்ல்ட்-ரெடியைப் போட்டால் தமிழும் சரியாகும், அரபும் சரியாகும். தமிழும் எஞ்சின் கேட்கும் எழுத்துத்தான். பாமினி அதை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தது.

இதைச் செய்தும் சரிவராவிட்டால் பிழை வேறு இடத்தில். எந்த இடம் என்று அறிய எளிதான வழி ஒன்று இருக்கிறது. அதே வரியை நோட்பேட்டில் ஒட்டுங்கள். அங்கே ஒழுங்காக வந்தால் அநேகமாக வரி நல்ல வரி, பிழை இன்டிசைனின் அமைப்பில். அங்கேயும் உடைந்தோ புரண்டோ வந்தால் வரியே பழுது. ஒழுங்காக ஒட்டி வருகிறது, ஆனால் இடையில் ஒரு பெட்டியோ, புள்ளிவட்டமோ, சம்பந்தமில்லாத ஓர் எழுத்தோ நிற்கிறது என்றால்தான் பொன்ட் குற்றவாளி. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பொன்டை மாற்றிக்கொண்டிருந்தால் பின்னேரம் போய்விடும், காட் வராது.

வரி பழுது என்கிறேனே, அது எப்படி வரும்? பெரும்பாலும் பி.டி.எஃப்.இலிருந்து கொப்பி பண்ணுவதால். யூனிகோடுக்கு முந்தைய கணினிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, அரபு எழுத்துகளின் வடிவங்களுக்கே தனித்தனிக் குறியீடு கொடுத்த ஒரு பகுதி யூனிகோடிலேயே இருக்கிறது. நடு பாவுக்கு ஒரு எண், முடிவுப் பாவுக்கு ஒரு எண் என்று. சில பி.டி.எஃப்.களும், அரபைச் ‘சரிசெய்து’ தருவதாகச் சொல்லும் இணையக் கருவிகளும் அந்தக் குறியீடுகளில்தான் கக்கும். பார்க்க அழகாக ஒட்டியிருக்கும். சோதிக்க வேண்டுமென்றால் ஒரு சொல்லின் நடுவே கர்சரை வைத்து ஒரு ஸ்பேஸ் தட்டுங்கள். நல்ல வரியாக இருந்தால், ஒட்டியிருந்த இரண்டு எழுத்துகள் பிரியும்போது இரு பக்கத்து எழுத்தும் வடிவம் மாறும்: ஒன்று வாலை நீட்டும், மற்றது தலையைத் தொடங்கும். வடிவம் மாறாமல் வெட்டின இடம் வெட்டினபடி நின்றால், அது செத்த எழுத்து. ஸ்பேஸை மீளெடுத்துவிட்டு வேறு மூலத்தைத் தேடுங்கள்.

இதில் பொல்லாத வகை ஒன்றுண்டு. எஞ்சின் இல்லாத மென்பொருளை ஏமாற்றுவதற்காக, வடிவக் குறியீடுகளைத் தலைகீழ் வரிசையில் அடித்து வைத்த பைல்கள். பேஜ்மேக்கர் காலத்து மிச்சம். ஒற்றை வரியாக இருக்கும்வரை எவருக்கும் தெரியாது, ஓதுகிறவருக்கும் சரியாகத்தான் தெரியும். காட்டின் அகலத்தைக் குறைத்து வரி இரண்டாக மடிந்ததோ, வசனத்தின் முதற்பாதி கீழ் வரிக்கும் பிற்பாதி மேல் வரிக்கும் போய்விடும். ஒவ்வொரு சொல்லும் சுத்தமாக இருக்கும், வசனம் மட்டும் புரண்டிருக்கும். புரூப் பார்க்கிறவர் சொல் சொல்லாகப் பார்த்தால் பிடிபடாது. உங்கள் கடையில் பழைய நிக்காஹ் காட் பைல்களைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அடிக்கும் வழக்கம் இருந்தால் (இல்லாத கடை எது?) அந்த அரபு வரிகளை இன்றே நோட்பேட்டில் போட்டுப் பாருங்கள்.

குர்ஆன் வசனத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்த விஷயம். மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்த் குர்ஆன் அச்சகம் வெளியிடும் முஸ்ஹஃப், அதாவது குர்ஆன் பிரதி, எழுத்துக்கலைஞர் உஸ்மான் தாஹாவின் கையெழுத்தில் 604 பக்கம். அதன் கணினி வடிவங்களில் ஒன்றுக்கு 604 பொன்ட். ஆம், பக்கத்துக்கு ஒரு பொன்ட். ஒவ்வொரு பொன்டிலும் அந்தப் பக்கத்தின் சொற்கள் முழுச் சொல்லாகவே, ஒவ்வொன்றும் ஒரு படமாக, அடுக்கியிருக்கும். எழுத்தை ஒட்ட எஞ்சின் தேவையில்லை, எந்த மென்பொருளிலும் சொல் உடையாது, அழகுக்கும் குறைவில்லை. ஆனால் பொன்டை எடுத்துவிட்டால் கீழே கிடப்பது பொருளில்லாத குறிகள். எங்கள் பாமினியின் அண்ணன் என்று வையுங்கள். அந்தப் பைலில் யாராவது ‘எல்லாவற்றையும் தெரிவுசெய்து’ பொன்ட் மாற்றினால் வசனமே அழிந்துபோகும். ஆகவே அதைப் பயன்படுத்தினால் உடனே அவுட்லைனாக மாற்றி, லொக் பண்ணி வையுங்கள். நான் குர்ஆன் வசனங்களுக்கு இதைத்தான் சொல்வேன். சரிபார்த்த வசனம் ஒருமுறை வெக்டராகி லொக்காகிவிட்டால், தவறுதலாக ஒரு எழுத்தை அடித்து மாற்ற யாருக்கும் ஏலாது.

சாதாரண யூனிகோட் வசனமாக எடுத்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குர்ஆன் எழுத்துமுறையில் ஹரகத் என்ற உயிர்க்குறிகள் மட்டுமல்ல. வரிக்கு மேலே குட்டி மீம், குட்டி வாவ், நிறுத்தக் குறிகள், அலிஃபின் மேல் இணைப்புக் குறி என்று பலதும் வரும். செய்தித்தாள் அரபுக்கென்று செய்த பொன்டில் இவை இருக்காது. அப்போதுதான் பெட்டியும் புள்ளிவட்டமும். அல்லது மென்பொருள் அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் வேறு பொன்டைக் கடன் வாங்கும். கடன் வாங்கிய எழுத்து பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. உருது மூலத்திலிருந்து எடுத்த வரியிலும் இது நடக்கும்: உருதுவின் காஃபுக்கும் ஹாவுக்கும் யாவுக்கும் குறியீடு வேறு. ஒரு முழு வரியும் ஒட்டி வந்து நடுவே ஒரே ஒரு எழுத்து மட்டும் பிரிந்து நின்றால், இந்தக் கடன்தான் காரணம்.

இங்கேதான் பொன்டின் பெயர் சொல்ல வேண்டும். காலித் ஹொஸ்னி செய்த ‘அமீரி’யை எடுங்கள். கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் 1905இல் வெட்டிய ஈயெழுத்தைப் பார்த்துச் செய்தது. இலவசம், குர்ஆனுக்கென்று தனி வடிவமும் இருக்கிறது. காட்டின் கௌரவத்துக்கு அது பொருந்தும். தமிழோடு பக்கத்தில் வைக்கும்போது அதே பொயின்ட் அளவில் அரபு சின்னதாகத் தெரியும். கூச்சப்படாமல் பெரிதாக்குங்கள், வரியிடைவெளியும் தாராளமாக விடுங்கள். இல்லாவிட்டால் மேல் வரியின் கீழ்க்குறியான கஸ்ராவும் கீழ் வரியின் மேற்குறியான ஃபத்ஹாவும் ஒன்றோடொன்று மோதும்.

காட் வேலைக்கே உரிய இரண்டு தொல்லை. தலைப்பு எழுத்துகளை அகட்டி வைப்பது இப்போது நாகரிகம். இங்கிலிஷ் பெயர்களுக்கு ட்ரக்கிங் 50, 100 என்று ஏற்றி, அதே ஸ்டைலை அரபுக்கும் போட்டால் ஒட்டிய கைகள் பிரிந்து மெல்லிய வெட்டாகத் தெரியும். அரபில் ட்ரக்கிங் பூச்சியம். அகலம் வேண்டுமென்றால் கஷீதா, அதாவது இணைப்புக் கோட்டை நீட்டுவது. அதையும் நீங்களாக நீட்டப் போகாதீர்கள். எந்த இடத்தில் நீட்டலாம் என்பதற்கு எழுத்துக்கலைஞர்களிடம் முறை இருக்கிறது. மற்றது தங்க ஃபொயில். ஃபொயிலுக்குப் பிளொக் எடுக்க எழுத்தை அவுட்லைனாக்கிக் கொடுக்கிறீர்கள் அல்லவா? அரபு பொன்டில் பக்கத்து எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் ஒட்டுகின்றன. திரையில் கறுப்பாக நிரப்பியிருக்கும்வரை தெரியாது. பிளொக்கில் அந்த ஏறின இடங்கள் வெள்ளைத் துளையாக விழலாம். ஸ்ட்ரோக் போட்டால் ஒவ்வொரு மூட்டிலும் குறுக்குக் கோடு தெரியும். அவுட்லைனாக்கின கையோடு எல்லாவற்றையும் யுனைட் பண்ணுங்கள், கோரலில் வெல்ட். புள்ளிகளும் ஹரகத்தும் விடுபடாமல் சேர்ந்திருக்கின்றனவா என்று அதற்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள்.

தமிழ் வரிக்குள் அரபு வரும் இடங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வசனத்தைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 30:21 என்று எழுதினால் அது வசனத்துக்கு இடப்பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுகிறது என்கிறீர்கள். அது மென்பொருளின் கிறுக்கில்லை, விதிப்படிதான் நடக்கிறது. எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும் சொந்தமாகத் திசை உறுதியில்லை. முன்னால் போகிறவர் அரபென்றால் அரபின் பின்னாலேயே வலமிருந்து இடமாகப் போகும். இதைவிட ஆபத்தானது வசன எண்களின் வரிசை. 2:255-257 என்று அடித்தால் அரபை அடுத்து அது 257-2:255 என்று தெரியும். எண் தெரிந்தவருக்கே தலை சுற்றும். அரபு முடிந்த இடத்தில், எண்ணுக்கு முன்னால், ‘லெஃப்ட்-டு-ரைட் மார்க்’ என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றைச் செருகினால் போதும். சிறப்பு எழுத்துகள் மெனுவில் இருக்கிறது. காட்டில் அரபைத் தனி வரியாகவும் எண்ணைத் தமிழோடும் வைத்தால் இந்தக் குறிகூடத் தேவையில்லை. பார்க்கவும் அதுவே வடிவு.

கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. மணமகளின் பெரியம்மா, தன் உம்மம்மாவின் பழைய புத்தகமொன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்து இரண்டு வரியைக் காட்டில் போடச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அரபு எழுத்துத்தான், ஆனால் பள்ளிவாசல் இளம் மௌலவியாலும் வாசிக்க முடியவில்லை, பெரியம்மா வாசித்துக் காட்டினபோது தமிழாக இருந்தது என்று ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். அது அரபுத்தமிழ், தங்கச்சி. அர்வி என்றும் சொல்வார்கள். கீழக்கரை, காயல்பட்டினம் தொடங்கி பேருவளை, காலி, கொழும்பு வரை முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய எழுத்து. தமிழ் எழுத்துத் தெரியாத, ஓதப்பள்ளிக்கு மட்டும் போன பெண்களும் இதில் மார்க்க நூல்களை வாசித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இலங்கையிலும் பெயர் பெற்றவர். அவருடைய ‘மகானீ’ என்ற நூல் இந்த எழுத்தில்தான் வீடு வீடாகப் போனது.

அரபில் ட இல்லை, ங இல்லை, ப இல்லை. அதனால் இருக்கிற எழுத்துகளுக்குப் புள்ளி கூட்டித் தமிழ் ஒலிகளுக்குச் செய்துகொண்டார்கள். தாலுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தால் ட. அய்னுக்குக் கீழே மூன்று புள்ளி வைத்தால் ங. வார்ப்பு எழுத்துக்காரர்களிடம் இவை எங்கே இருக்கும்? அதனால் இந்த நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தன. காதிப் என்ற எழுத்தர் ஒருவர் கையால் எழுதுவார், எழுதினது அப்படியே கல்லுக்குப் போகும், கல்லிலிருந்து தாளுக்கு. கையால் எழுத முடிந்ததெல்லாம் அச்சாகும். கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் 1869இல் தொடங்கிய ‘ஆலமத் லங்காபுரி’ என்ற மலாய்ப் பத்திரிகையும் அரபு எழுத்தில், கல்லச்சில்தான் வந்தது. எழுத்து உடைகிற தொல்லையே இல்லாத தொழில்நுட்பம் அது. அதற்குப் பிறகு நாங்கள் முன்னேறினோம்.

அரபுத்தமிழில் அந்த மூன்று புள்ளி அய்னும், கீழ்ப்புள்ளி வைத்த காஃபும் யூனிகோடுக்குள் வந்தது 2015இல், 8.0 பதிப்பில். அவ்வளவு பிந்தி. ஆகவே உங்கள் கணினியில் இருக்கும் அரபு பொன்ட்களில் பெரும்பாலானவை இந்த எழுத்துகளைக் கண்டதே இல்லை. இங்கே எஞ்சினைத் திட்டிப் பயனில்லை. இதுவரை பொன்டை மாற்றாதீர்கள் என்று சொல்லி வந்த நான், இந்த இரண்டு வரிக்கு மட்டும் மாற்றுங்கள் என்கிறேன். எஸ்.ஐ.எல். நிறுவனம் இலவசமாகத் தரும் ‘ஷெஹரஸாத் நியூ’வின் புதிய பதிப்பில் இவை இருக்கின்றன. விசைப்பலகையில் இருக்காது, குறியீட்டுப் பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செருக வேண்டும். இரண்டு வரிதானே.

ஆனால் அடிப்பதற்கு முன்னால் பெரியம்மாவை உட்காரவைத்து, அந்த வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லச்சுப் பிரதிகளில் புள்ளி அழிந்திருக்கும், தாள் மடிந்த இடத்தில் ஒரு எழுத்து போயிருக்கும்; புள்ளி போனால் ட எது, த எது என்று படத்தைப் பார்த்து உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ழகர ளகரத்துக்கு ஒவ்வொரு காதிபும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருந்ததும் உண்டு. புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே அடியுங்கள், திருத்தாதீர்கள். அல்லது, நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்த இரண்டு வரியையும் அடிக்கவே மாட்டேன். 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் பண்ணி, அழுக்கெடுத்து, வெக்டராக்கி, காதிபின் கையெழுத்தாகவே காட்டில் வைப்பேன். பெரியம்மாவும் அதைத்தான் விரும்புவார் என்று நினைக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

புரூப் விஷயத்தில் ஒரே ஒரு பிடிவாதம் வையுங்கள். வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ‘ஓகே’ வாங்குவதோடு நிற்காதீர்கள். பிளேட்டுக்கும் பிளொக்குக்கும் போகும் அதே பி.டி.எஃப்.ஐத் தாளில் எடுத்து, ஓதத் தெரிந்த ஒருவர் முஸ்ஹஃபைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அரபு வரியின் கீழே கையெழுத்துப் போடட்டும். திரையில் சரியாக இருந்தது பி.டி.எஃப்.இல் மாறுவதுண்டு. ஹாஃபிழ் ஒருவர் மனனமாக ஓதிக்கொண்டு போனால் கண் பிழையைத் தாண்டிப் போய்விடும். அதனால் கடைசிச் சொல்லிலிருந்து முதற் சொல்லுக்குப் பின்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேளுங்கள். அடித்து முடித்த காட்டில் வசனம் பிழையென்றால் அதைக் குப்பையில் போடவும் கல்யாண வீட்டாரால் முடியாது, கொடுக்கவும் முடியாது.

அன்புடன்,
கொட்டாஞ்சேனையிலிருந்து
உங்கள் அண்ணன்

பி.கு.: அடோபிக்கு மாதக் கட்டணம் கட்ட முதலாளி மறுக்கிறார் என்றால் ஸ்கிரைபஸை இறக்கிப் பாருங்கள், காசு கட்டத் தேவையில்லை. ஆனால் பழைய 1.4 வேண்டாம், அதற்கு அரபு சரிவராது. 2024 தொடக்கத்தில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தியது. தமிழும் அரபும் அதில் ஒரே பந்தியில் ஒழுங்காக வரும். பாமினி பைல்களை மட்டும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.